இ-சைக்கிள் மேடு ஏறும்போது மொத்தமாக அணைகிறது: பேட்டரியா, கன்ட்ரோலரா?

பென்னாகரம் பால்வண்டி | 6 ஏப்ரல் 2025, இரவு 9.10

36 வோல்ட் கிட் மாட்டின சைக்கிள். பின் சக்கரத்துல 250 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தோட நடுவுலயே, உள்ளே பல்சக்கரத்தோட இருக்கிற மோட்டார்), பேட்டரி 7.8 ஆம்பியர் அவர். 20 லிட்டர் கேன் கட்டிக்கிட்டு சமதளத்துல நல்லா போகுது. மேடு வந்தா திடீர்னு எல்லாம் ஆஃப், டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணையுது. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா திரும்ப வருது. ஃபுல் சார்ஜ்ல மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 41.5 வோல்ட் காட்டுது. பேட்டரி நல்லா இருக்கு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடற கன்ட்ரோலர்தான் போயிருக்குன்னு கடையில சொல்றாங்க. வாங்கிடலாமா?

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 6 ஏப்ரல், இரவு 9.45

வாங்காதீங்க. டிஸ்ப்ளே அணையுதுன்னு சொன்னீங்களே, பாதி விடை அதுலயே இருக்கு.

பேட்டரி இறங்கிப்போச்சுன்னு கன்ட்ரோலர் முடிவு பண்ணினா (36 வோல்ட்டுக்கு சுமார் 31-ல்) மோட்டாரை மட்டும்தான் நிறுத்தும். டிஸ்ப்ளே எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பேட்டரி கட்டம் மின்னும். டிஸ்ப்ளேயும் சேர்ந்து போகுதுன்னா மின்சாரம் கன்ட்ரோலர் வரைக்குமே வரலை. அதனால ஒண்ணு பேட்டரிக்குள்ள இருக்கிற பி.எம்.எஸ். (செல்லைக் காக்கற பலகை, அளவு மீறினா மின்சாரத்தை நிறுத்தும்) வெட்டுது, இல்லைன்னா நடுவுல எங்கேயோ இணைப்பு விடுது.

இந்த ரெண்டையும் பிரிக்கிறதும் சுலபம். இணைப்பு விடுறதா இருந்தா குண்டு குழியில குலுங்கும்போது போகும், தானாவே வரும். பி.எம்.எஸ். வெட்டினா இழுவை அதிகமாகும்போது போகும். வெட்டின பிறகும் கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் சுமையாத் தொங்கிக்கிட்டே இருக்கிறதால பல பி.எம்.எஸ். தானா மறுபடி இணைக்காது, சாவியை ஆஃப் பண்ணினாத்தான் இணைக்கும். உங்க வண்டி செய்றது இதுதான்.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 7 ஏப்ரல், காலை 6.30

மேலே எழுதினதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பேட்டரியைத் திறக்கறதுக்கு முன்னாடி வெளி இணைப்புகளைப் பாருங்க. பேட்டரி உட்கார்ற அடித்தட்டு முள், ஃபியூஸ் கூடு, சாவி சுவிட்ச், கன்ட்ரோலர் பக்க கனெக்டர். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கா, உருகியிருக்கா பாருங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா மீட்டரை வெச்சுப் பிடிக்கலாம். மோட்டார் இழுத்துக்கிட்டிருக்கும்போது கனெக்டரோட ஒரு பக்கத்துலயும் மறுபக்கத்துலயும், ஒரே ஒயரோட ரெண்டு முனையில முள்ளை வைங்க. 4 ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் காட்டினா அந்த இணைப்புல 25 மில்லிஓம் இருக்குன்னு அர்த்தம். மேட்டுல 15 ஆம்பியர் ஓடினா அந்த ஒரு இடத்துல மட்டும் ஐந்தரை வாட் சூடு. பிளாஸ்டிக் உருகாம என்ன செய்யும்?

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 7 ஏப்ரல், இரவு 8.20

41.5 வோல்ட் பற்றி. சுமை இல்லாம எடுத்த வோல்ட் எதையும் நிரூபிக்காது. மீட்டர் இழுக்கிறது மைக்ரோஆம்பியர் கணக்கு. செத்துப்போன செல்கூட அந்த இழுவைக்கு நல்ல வோல்ட் காட்டும். பி.எம்.எஸ். வெட்டியிருக்கும்போதுகூட சில பேட்டரி வாயில 30, 35-ன்னு ஏதோ ஒரு எண் தெரியும், ஒரு பல்பைத் தொட்டா சுழியத்துக்கு விழும். அதனால சுமை கொடுத்துத்தான் அளக்கணும்.

பழைய கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், மூணை தொடர் இணைப்புல கட்டுங்க. ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும்.

ஓசூர் சால்டரிங் | 7 ஏப்ரல், இரவு 10.05

அண்ணா, பல்புல ஒரு சிக்கல் இருக்கு. இழை குளிர்ந்திருக்கும்போது தடை பத்துல ஒரு பங்குதான். தொட்ட முதல் சில மில்லிசெகண்டுல 40, 50 ஆம்பியர் பாயும், நல்ல பேட்டரியோட பி.எம்.எஸ். கூட ஷார்ட்னு நினைச்சு வெட்டிடும். பார்க்கிறவர் பேட்டரி கெட்டதுன்னு முடிவு பண்ணிடுவார்.

அதுக்குப் பதிலா எலக்ட்ரிக் அடுப்புக்கு விக்கிற 1000 வாட் நிக்ரோம் காயில் வாங்குங்க. முழுசா 53 ஓம். சமமா ஐந்து துண்டா வெட்டினா ஒரு துண்டு 10.6 ஓம், 42 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர். துண்டுக்கு 168 வாட்தான் வருது, அதோட அளவு 200 வாட், அதனால தாங்கும். குளிர்ந்தாலும் சூடானாலும் தடை பெருசா மாறாது. செங்கல் மேல வெச்சு, முனையை போல்ட் நட்டுல இறுக்குங்க. ஈயம் வைக்காதீங்க, உருகிடும். 48 வோல்ட் லித்தியம்னா நாலு துண்டா வெட்டணும்.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 8 ஏப்ரல், காலை 6.15

காயில்தான் சரி. தம்பி சொன்னதையே எடுத்துக்கோங்க.

இனி பெட்டியைத் திறக்கிற வேலை. மோதிரம், கைச்செயின், இரும்பு வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க. மீட்டரோட சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. அதுல இருக்கிறப்போ வோல்ட் அளக்கப் போனா பேட்டரியை நேரா ஷார்ட் பண்ணினதுக்குச் சமம். முள்ளோட நுனியில 2 மி.மீ. மட்டும் விட்டுட்டு மிச்சத்தை இன்சுலேஷன் டேப் சுத்திடுங்க, இல்லைன்னா பக்கத்து ரெண்டு பின்னை ஒரே நேரத்துல தொட்டுடும்.

பி.எம்.எஸ்.-க்கு மெல்லிய ஒயர் வரிசையாப் போற வெள்ளை கனெக்டர் ஒண்ணு இருக்கும். அதைக் கழட்டாம, பின்பக்கமா முள்ளை விட்டு, அடுத்தடுத்த ரெண்டு ஒயருக்கு நடுவுல அளந்துக்கிட்டே போங்க. 36 வோல்ட்டுக்கு பத்து எண் கிடைக்கும், ஒவ்வொண்ணும் பக்கவாட்டுல சேர்ந்திருக்கிற ஒரு செல் குரூப்போட வோல்ட். முதல்ல சுமை இல்லாம, பிறகு காயில் போட்டு. ரெண்டையும் எழுதுங்க. முன்ன எவ்வளவு தூரம் போச்சு, இப்ப எவ்வளவுன்னும் சொல்லுங்க.

பென்னாகரம் பால்வண்டி | 9 ஏப்ரல், இரவு 9.00

ஃபுல் சார்ஜ் போட்டு ரெண்டு மணி நேரம் விட்டு அளந்தேன். ஒன்பது குரூப் 4.15-லிருந்து 4.17. ஏழாவது மட்டும் 4.12. காயில் போட்டா ஒன்பதும் 4.09 கிட்ட நிக்குது, ஏழாவது 3.80. மொத்தம் 40.6.

முன்ன 25 கி.மீ. போகும். இப்ப 8 தாண்டறதில்லை.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 9 ஏப்ரல், இரவு 10.30

ரொம்ப நல்லா அளந்திருக்கீங்க. இந்த எண்களை நிதானமாப் படிக்கணும், இந்த இழைக்கு வர்ற மத்தவங்களுக்கும் உதவும்.

4 ஆம்பியருக்கு நல்ல குரூப் 0.07 வோல்ட் விழுது. அதாவது 17, 18 மில்லிஓம். மூணு செல் பக்கவாட்டுல சேர்ந்திருந்தா இதுதான் வரணும். ஏழாவது 0.32 விழுது, 80 மில்லிஓம். இப்போ மேட்டை நினைச்சுப் பாருங்க. பாதி சார்ஜ், செல் 3.7-ல இருக்கு, கன்ட்ரோலர் 15 ஆம்பியர் கேக்குது. நல்ல குரூப் 3.45-க்கு இறங்கும். ஏழாவது 1.2 வோல்ட் விழுந்து 2.5-க்குப் போகும். பி.எம்.எஸ். சுமார் 2.8-ல வெட்டும். அந்த நொடியில மொத்த வோல்ட் எவ்வளவு? 33.5. கன்ட்ரோலர் பார்வையில பேட்டரியில இன்னும் நிறைய இருக்கு. அதனாலதான் டிஸ்ப்ளேல கட்டம் இருக்கும்போதே வண்டி அணையுது, கடைக்காரரும் கன்ட்ரோலரைக் கை காட்டறார்.

தூரம் மூணுல ஒரு பங்கா குறைஞ்சதும் இதோட பொருந்துது. 7.8 ஆம்பியர் அவர்னா 2.6 செல் மூணு. ஏழாவது குரூப்ல ஒரே செல்தான் வேலை செய்யுதுன்னு சந்தேகப்படறேன். ரெண்டு செல்லோட வெல்டிங் விட்டிருக்கலாம்.

அரூர் வாசகர் | 10 ஏப்ரல், மதியம் 1.20

இவ்வளவு சிரமம் எதுக்கு? பி.எம்.எஸ்.-ல செல் பக்க நெகட்டிவையும் வெளியே போற நெகட்டிவையும் ஒரு ஒயர் போட்டு இணைச்சா அணையவே அணையாது. இறங்கின குரூப்புக்கு மட்டும் போன் சார்ஜர் 5 வோல்ட் கொடுத்து ஏத்திக்கலாம்.

ஓசூர் சால்டரிங் | 10 ஏப்ரல், இரவு 7.40

ரெண்டையும் யாரும் செய்யாதீங்க, தயவு செஞ்சு. ஒயர் போட்டு இணைச்சா ஏழாவது குரூப் 2.5-ல நிக்காது, சுழியத்துக்குப் போய் தலைகீழாகவும் ஆகும். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லுல உள்ளே இருக்கிற தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அந்தத் தாமிரம் உள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். தீப்பிடிக்கிறது சார்ஜ் போட்ட ராத்திரியில, வீட்டுக்குள்ள. அப்படிப்பட்ட செல் 4 வோல்ட் காட்டினாலும் தூக்கிப் போடவேண்டியதுதான்.

போன் சார்ஜர் 5 வோல்ட். லித்தியம் செல்லோட எல்லை 4.2. நேரா கொடுத்தா தாண்டிப் போகும், நிறுத்த ஆள் இல்லை. ஒரு குரூப்பை மட்டும் ஏத்தணும்னா 4.2-ல நிக்கிற ஒற்றை செல் சார்ஜர் பலகை போதும், அரை ஆம்பியருக்கு மேல வேண்டாம். குரூப் 2.5-க்கு மேல இருந்தா மட்டும்.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 10 ஏப்ரல், இரவு 9.15

தம்பி சொன்னதுக்கு மேல சொல்ல எதுவும் இல்லை.

ஆனா என் சந்தேகத்தை நானே இன்னொரு பக்கமும் சோதிக்கணும். கனெக்டர்ல அளந்தது ஒயர் வழியா வந்த எண். அந்த மெல்லிய ஒயர் அரிச்சுப் பாதி அறுந்திருந்தா செல் நல்லா இருந்தும் பி.எம்.எஸ். தப்பாப் படிக்கும். அதனால ஏழாவது குரூப்பை நிக்கல் பட்டை மேலயே நேரா முள் வெச்சு, சுமையோட ஒரு தடவை அளங்க. அங்கேயும் 3.80 வந்தா குறை செல் பக்கம். அங்கே 4.09, கனெக்டர்ல 3.80-ன்னா ஒயர் மட்டும்தான், சின்ன வேலை.

பென்னாகரம் பால்வண்டி | 12 ஏப்ரல், மாலை 6.10

பட்டை மேலயும் 3.80 தான் அண்ணா. மரக்குச்சியால பட்டையை மெதுவாத் தள்ளிப் பார்த்தேன். நெகட்டிவ் பக்கம் ரெண்டு செல்லுல வெல்டிங் விட்டு பட்டை தூக்கிக்கிட்டு நிக்குது. அந்த ரெண்டு செல்லும் தனியா 3.41 காட்டுது. பட்டையை அழுத்தி ஈயம் வெச்சுடட்டுமா?

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 12 ஏப்ரல், மாலை 6.25

நிறுத்துங்க. அழுத்தாதீங்க. 4.12-ல இருக்கிற செல்லோட 3.41-ல இருக்கிறதை நேரா சேர்த்தா ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஆம்பியர் பாயும். முதல்ல அந்த ரெண்டையும் தனியா 4.2 சார்ஜர்ல ஏத்தி, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள்ள வந்த பிறகுதான் சேர்க்கணும்.

ஈயமும் வேண்டாம். செல்லோட அடியில சால்டரிங் வெச்சா சூடு நேரா உள்ளே போய் பிரிப்பான் படலத்தைக் கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங்தான். ஓசூர்லயும் போச்சம்பள்ளியிலயும் மின் ஸ்கூட்டர் ஆலையே இருக்கிற மாவட்டம் நம்ம பக்கத்துல இருக்கு, வெல்டிங் தெரிஞ்ச ஆளை விசாரிங்க, கிடைப்பாங்க.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 13 ஏப்ரல், காலை 7.00

ராத்திரி யோசிச்சதுல இன்னும் சில.

இதுவரைக்கும் ஒத்தையா சுமந்த அந்த மூணாவது செல்லை நம்பாதீங்க. மேட்டுல 15 ஆம்பியரும் அது ஒண்ணு வழியா ஓடியிருக்கு. 80 மில்லிஓம்னு அதுவே சொல்லுது. ஒரு செல்லை மட்டும் புதுசு போட்டாலும் மத்த ரெண்டோட வயசு வேற, அதனால அந்தக் குரூப்போட மூணையும் ஒரே ரகத்துல மாத்தறதுதான் என் கருத்து. கொள்ளளவு மத்த குரூப்போட ஒத்துப் போகணும், 3.5 ஆம்பியர் அவர் செல் போட்டு இந்த ஒண்ணை மட்டும் பலப்படுத்தறதால தூரம் கூடாது.

பட்டை 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. தடிமன், சுத்த நிக்கலா இருக்கணும். இரும்புல நிக்கல் பூசினதும் அதே பளபளப்புதான். ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணியில ஒரு நாள் போடுங்க, துரு வந்தா இரும்பு. ஒரு பட்டை சுமார் 5 ஆம்பியருக்குப் போதும். குரூப்புக்கும் குரூப்புக்கும் நடுவுல மூணு பாலம் இருந்தா 15-க்குக் கணக்கு சரியா வரும்.

கழட்டும்போது முதல்ல மெல்லிய ஒயர் கனெக்டர், பிறகு தடித்த நெகட்டிவ். மாட்டும்போது தலைகீழ்: முதல்ல தடித்த நெகட்டிவ், கடைசியா மெல்லிய கனெக்டர். மாத்திச் செஞ்சா பி.எம்.எஸ். போகும்.

மாத்தின பிறகு பத்து குரூப்பும் ஒரே அளவுக்கு வர நேரமாகும். சாதாரண பி.எம்.எஸ். உயர்ந்த குரூப்லேருந்து கசியவிடறது 40 மில்லிஆம்பியர் மாதிரி. அரை ஆம்பியர் அவர் வித்தியாசம்னா 12 மணி நேரத்துக்கு மேல. அதனால புது செல்லை மாட்டறதுக்கு முன்னாடியே மத்த குரூப் இருக்கிற வோல்ட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுங்க.

காவேரிப்பட்டினம் | 19 ஏப்ரல், காலை 10.30

என் வண்டி வேற மாதிரி. இதுவும் கியர் ஹப். டிஸ்ப்ளே எரியுது, த்ராட்டில் திருகினா மோட்டார் கடகடன்னு அதிருது, சுத்தலை. கன்ட்ரோலரா மோட்டாரா?

ஓசூர் சால்டரிங் | 19 ஏப்ரல், இரவு 8.50

முதல்ல பேட்டரியைக் கழட்டிட்டு சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துங்க. கியர் ஹப் முன்பக்கம் சுத்தினா உள்ளே மோட்டார் அசையாது, அதனால பின்பக்கம்தான். விட்டு விட்டு இடிக்கிற மாதிரி இறுகினா, கன்ட்ரோலர்லேருந்து மோட்டாருக்குப் போற மூணு தடித்த ஃபேஸ் ஒயரையும் கழட்டிட்டு மறுபடி சுத்துங்க. இப்போ இலகுவா சுத்தினா கன்ட்ரோலர்ல மாஸ்ஃபெட் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடற மின்னணு சுவிட்ச்) ஷார்ட். அப்பவும் இறுகினா மோட்டார் பக்கம் ஃபேஸ் ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, பெரும்பாலும் அச்சு வழியா ஒயர் வெளியே வர்ற இடத்துல.

கன்ட்ரோலரை உறுதிப்படுத்த: உள்ளே கெபாசிட்டர்ல சார்ஜ் தங்கியிருக்கும், பேட்டரி ஒயர் ரெண்டுக்கும் நடுவுல 1 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டரை ஐந்து நொடி பிடிச்சு இறக்குங்க. மீட்டரை டயோடுல வைங்க. சிவப்பு முள் பேட்டரி நெகட்டிவ்ல, கருப்பை மூணு ஃபேஸ்லயும் ஒவ்வொண்ணா. 0.4-லிருந்து 0.6 வரணும், மூணும் ஏறக்குறைய ஒரே எண். அடுத்து கருப்பு பாசிட்டிவ்ல, சிவப்பு ஃபேஸ்ல. அதே மாதிரி வரணும். எங்கேயாவது 0.00 கிட்ட வந்தா அந்த மாஸ்ஃபெட் போச்சு.

எல்லாம் சரியா இருந்தா ஹால் சென்சார், அதாவது மோட்டார் எந்த நிலையில இருக்குன்னு கன்ட்ரோலருக்குச் சொல்றது. ஹால் கனெக்டர்ல சிவப்பு கருப்பு நடுவுல 5 வோல்ட் இருக்கான்னு பாருங்க. கருப்பு முள் கருப்பு ஒயர்ல, சிவப்பை மஞ்சள், பச்சை, நீலம்னு மாத்தி மாத்தி வெச்சு, சக்கரத்தை மெதுவாப் பின்னுக்குச் சுத்துங்க. ஒவ்வொண்ணும் 0-க்கும் 5-க்கும் மாறி மாறித் தாவணும். ஒண்ணு அசையாம நின்னா அந்த சென்சார்.

காவேரிப்பட்டினம் | 20 ஏப்ரல், காலை 11.00

சக்கரம் இலகுவா சுத்துது. டயோடுல ஆறு எண்ணும் 0.5 கிட்ட. ஹால் கனெக்டரைக் கழட்டி மோட்டார் பக்கம் அளந்தா மூணுமே சுழியம். மூணும் போயிருச்சா?

ஓசூர் சால்டரிங் | 20 ஏப்ரல், மதியம் 12.15

கழட்டி அளந்தா எது நல்லா இருந்தாலும் சுழியம்தான் வரும். 5 வோல்ட்டும் கன்ட்ரோலர்லேருந்து வரணும், சிக்னலை மேலே தூக்கற ரெசிஸ்டரும் கன்ட்ரோலருக்குள்ளதான் இருக்கு. மாட்டி வெச்சு, சாவி ஆன்ல, பின்பக்கமா முள்ளை விட்டு அளங்க. மூணு சென்சார் ஒரே நேரத்துல போறது அபூர்வம். மூணும் போன மாதிரி தெரிஞ்சா அது 5 வோல்ட்டோட பிரச்சினை.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 20 ஏப்ரல், இரவு 9.30

அந்த 5 வோல்ட் த்ராட்டில், பெடல் சென்சார், ஹால் மூணுக்கும் பொது. ஒண்ணுல தண்ணி இறங்கி ஷார்ட் ஆனா எல்லாத்துக்கும் போயிடும். 5 வோல்ட் இல்லைன்னா ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டே அளங்க. எதைக் கழட்டினதும் 5 திரும்புதோ அதுதான் குற்றவாளி. எல்லாத்தையும் கழட்டியும் வரலைன்னா கன்ட்ரோலர்.

த்ராட்டில் சிக்னல் விடும்போது 0.8, 0.9, முழுசாத் திருகினா 3.6-க்கு மேல. அதோட கிரவுண்டு ஒயர் அறுந்தா சிக்னல் 5 பக்கம் ஏறும், சில கன்ட்ரோலர்ல வண்டி தானா ஓடிடும். இந்தச் சோதனை எல்லாம் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திட்டுத்தான்.

எல்லா எண்ணும் சரி, மோட்டார் அசையவே இல்லைன்னா பிரேக் லீவர் ஒயரைக் கழட்டிப் பாருங்க. லீவர் சுவிட்ச் மாட்டிக்கிட்டா கன்ட்ரோலர் பிரேக் பிடிச்சிருக்குன்னே நினைக்கும். காசு செலவில்லாத சோதனை, இதைத்தான் கடைசியில செய்றாங்க.

காவேரிப்பட்டினம் | 22 ஏப்ரல், இரவு 8.00

மாட்டி அளந்தேன். மஞ்சளும் நீலமும் தாவுது, பச்சை 5-லயே நிக்குது. அச்சு கிட்ட ஒயர் தோல் உரிஞ்சிருக்கு. அச்சு நட்டும் லூஸ்.

ஓசூர் சால்டரிங் | 22 ஏப்ரல், இரவு 8.40

பச்சை ஒயர் அங்கேதான் அறுந்திருக்கணும். நட்டு லூஸானா மோட்டார் இழுவையில அச்சே சுழன்று ஒயரைச் சீவும். ஃபேஸ் ஒயர் ஹால் ஒயரைத் தொட்டிருந்தா 36 வோல்ட் பாய்ஞ்சு சென்சாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து போயிருக்கும், உங்களுக்கு அது நடக்கலை. ஒயரை ஒட்டி, தனித்தனியா ஸ்லீவ் போட்டு, டார்க் வாஷரோட (அச்சு சுழலாம பிடிக்கற வாஷர்) பல் ஃபோர்க் துளையில சரியா உட்காருதான்னு பார்த்து இறுக்குங்க. ஒயர் வெளியே வர்ற இடம் கீழ்நோக்கி வளைஞ்சு தொங்கட்டும், மழைத்தண்ணி உள்ளே போகாது.

தேன்கனிக்கோட்டை | 3 மே, மாலை 5.00

48 வோல்ட் லித்தியம். சார்ஜர் போட்டவுடனே பச்சை, ஏறவே மாட்டேங்குது. பழைய ஸ்கூட்டர் சார்ஜர் ஒண்ணு கிடக்கு, அதுவும் 48 வோல்ட், அதே பின். அதைப் போட்டா ஏறுது. தொடரலாமா?

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 3 மே, மாலை 5.20

உடனே எடுங்க. அது லெட் ஆசிட் சார்ஜர். நாலு 12 வோல்ட் பேட்டரிக்கு 58, 59 வோல்ட் கொடுக்கும். உங்க பேட்டரி 13 குரூப், எல்லை 54.6. செல்லுக்கு நாலரை வோல்ட் கிட்ட போகாம தடுக்க பி.எம்.எஸ். ஒண்ணைத் தவிர வேற எதுவும் இல்லை. அது தவறினா தீ. சார்ஜர் மேல எழுதியிருக்கிற "48" என்கிறதைப் பார்க்காதீங்க, வெளியீட்டு வோல்ட்டைப் படிங்க, மீட்டர்லயும் அளங்க. 36 லித்தியத்துக்கு 42.0, 48-க்கு 54.6. 16 குரூப் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 58.4, அதுக்கும் இதே பின் வரும், குழம்பிடாதீங்க.

பச்சை எரியறதுன்னா ஆம்பியர் ஓடலைன்னுதான் அர்த்தம். உங்க பேட்டரியோட சொந்த சார்ஜரைத் தனியா அளங்க. 54.6 இருந்தா சார்ஜர் சரி; சார்ஜ் ஃபியூஸ், பின், அல்லது ஏதோ ஒரு குரூப் மட்டும் முன்னாடியே 4.25-ஐத் தொட்டு பி.எம்.எஸ். சார்ஜை வெட்டியிருக்கும். 51, 52 காட்டினா சார்ஜர் பழுது, அதைவிட உயர்ந்து நிக்கிற பேட்டரிக்கு ஏத்த முடியாது, அதான் பச்சை. வேற சார்ஜர்ல ஏறினதால உங்களுக்கு இதுதான் வாய்ப்பு அதிகம்.

கிருஷ்ணகிரி ஓம்மீட்டர் | 4 மே, காலை 6.40

மாங்காய் சீசன், வெயில் ஏறிடுச்சு, அதனால இதையும் எழுதிடறேன். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. வெயில்ல நிறுத்தின வண்டியோட பெட்டி அதைத் தாண்டியே இருக்கும். மதியம் வந்தவுடனே தகரக் கொட்டாய்ல சார்ஜ் போடாதீங்க. பெட்டியைக் கழட்டி நிழல்ல வெச்சு, கை வெச்சா வெதுவெதுப்புகூட தெரியாத அளவுக்கு ஆறின பிறகு போடுங்க.

அரூர் வாசகர் | 4 மே, காலை 9.10

கன்ட்ரோலருக்குள்ள ஆம்பியரை அளக்கற ஷண்ட் கம்பி மேல ஈயம் வெச்சா மேட்டுல இழுவை கூடும்னு சொல்றாங்களே, சரியா?

ஓசூர் சால்டரிங் | 4 மே, இரவு 8.15

கூடும் அண்ணா. ஷண்ட்டோட தடை குறைஞ்சா கன்ட்ரோலர் ஓடற ஆம்பியரைக் குறைவாப் படிக்கும், 15-ன்னு நினைச்சு 20, 22 விடும். மாஸ்ஃபெட் சூடு ஆம்பியரோட வர்க்கத்துக்கு ஏறும். 15 ஆம்பியர் 21 ஆனா சூடு ரெண்டு மடங்கு. பேட்டரியில மூணு செல் இருந்தா ஒவ்வொண்ணும் 7 ஆம்பியர் கொடுக்கணும், அதே வெல்டிங் வழியா. சட்டப்படி 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள்ள இருந்தாத்தான் பதிவும் லைசன்ஸும் தேவைப்படாத சைக்கிள். சுமை அதிகம்னா பின் சக்கரத்துல பெரிய பல்சக்கரம் மாட்டி, மேட்டுல மிதிச்சுக் கொடுங்க, மோட்டார் வேகம் குறையாம இருந்தாலே ஆம்பியர் இறங்கும்.